அம்பாசிடர் காலத்துக் காரும் இன்றைய காரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" கார் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. இதற்கு ஒரே பதில் கிடையாது. அழகைப் பற்றிக் கேட்டால் ஒரு பதில், உழைப்பைப் பற்றிக் கேட்டால் வேறு பதில், விபத்தில் உயிர் பிழைப்பதைப் பற்றிக் கேட்டால் முற்றிலும் வேறு பதில். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வாதம் முடிவதே இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களும், வாங்க ஆசைப்படுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

'பழைய கார்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் வைத்த வண்டிகளை. நம் சாலைகளில் அது பெரும்பாலும் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கான்டெசா. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர், 1950களின் கடைசியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கி 2014 மே மாதம் வரை உற்பத்தியானது. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. அதனால்தான் நம் ஊரில் அதை இன்றும் 'ஃபியட்' என்றே சொல்கிறோம். ஹெரால்டு நம்ம சென்னைக்காரர். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் பிறந்தது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இரண்டு காலத்துக்கும் நடுவே நிற்கிறது. கார்பரேட்டரோடு பிறந்து, பின்னாளில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறி, 2014 ஜனவரியில் விடைபெற்ற வண்டி அது.

பழைய கார்களுக்கு ஒரு முகம் இருந்தது. இப்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, ஏன்?

இந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் வடிவமைப்பாளர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. அவர்கள் கையைக் கட்டும் விதிகள் இன்று ஏராளம்.

முன்பக்கத்தைப் பாருங்கள். ஒருவர் மேல் கார் மோதினால் அவருடைய தலை போய் விழும் இடம் பானெட். பானெட் தகட்டுக்கும் அடியில் இருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் அவர் பிழைப்பார். அதற்காகப் பானெட் உயர்ந்தது, மூக்கு தடித்தது. பளபளவென்ற குரோம் பம்பர் போய், கால் எலும்பைக் காக்கும் பிளாஸ்டிக் பம்பர் வந்தது. அடுத்து, காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் போன பத்மினிக்கு அது பெரிய கவலையில்லை. 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டு மைலேஜும் கொடுக்க வேண்டிய இன்றைய காருக்கு அதுதான் முதல் கவலை. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தால் எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கும். கார்கள் ஒன்றைப் போல் ஒன்று ஆவதற்கு அது பெரிய காரணம்.

மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது: வரி. 2006 பட்ஜெட்டில் 'சிறிய கார்' என்று ஒரு வகை வகுக்கப்பட்டது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசலானால் 1500 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றப்பட்டபோதும் இந்தக் கோடு அப்படியே நின்றது. அந்த 4 மீட்டருக்குள் டிக்கியையும் அடக்க வேண்டும் என்பதற்காகத்தான் பல செடான்களின் பின்பக்கம் வெட்டி ஒட்டியதுபோல இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையான உண்மை உண்டு. பத்மினியும் 4 மீட்டருக்குள் அடங்கும் கார்தான்! ஆனாலும் அதற்கு நீண்ட பானெட் இருந்தது, பின்னால் சின்ன வால் போன்ற துடுப்போடு ஒழுங்கான டிக்கி இருந்தது. எப்படி முடிந்தது? அது குறுகல், தாழ்வு, உள்ளே இடமும் குறைவு. அகலம் ஒன்றரை மீட்டரைக்கூடத் தொடாது. இன்று ஐந்து பேர் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும், தலை முட்டக் கூடாது, நான்கு சூட்கேஸ் வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். அத்தனையையும் அதே நீளத்துக்குள் அடக்கினால் வண்டி மேலே வளரத்தான் செய்யும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அழகில் பழைய வண்டிகளுக்குத்தான் என் ஓட்டு. ஹெரால்டின் கோடுகளை வரைந்தவர் ஜொவான்னி மிகெலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்க மட்கார்டோடு சேர்த்து மொத்த பானெட்டும் முன்னோக்கி மடங்கித் திறக்கும். திறந்துவிட்டு முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். இந்தியாவில் மட்டும் ஹெரால்டுக்கு நான்கு கதவு வந்தது. வடிவங்களை நேரில் பார்க்க விரும்பினால் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஜிடி நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

அம்பாசிடரில் உட்கார்ந்த சுகம் ஏன் புதுக் கார்களில் இல்லை?

உட்காரும் உயரமும் சீட்டின் அகலமும்தான் அந்தச் சுகம். முதுகு வளையாமல், கால் மடங்காமல், நாற்காலியில் உட்காருவதுபோல ஏறி உட்காரலாம். வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் அவர்கள் இருந்தால் தெரியும். முன்சீட் ஒரே பெஞ்ச், கியர் ஸ்டீயரிங் தண்டில். அதனால் முன்னால் மூன்று பேர்.

அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், இன்றைய ஹூண்டாய் கிரெட்டாவின் நீளமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் கிரெட்டாவில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 15 சென்டிமீட்டர் அதிகம். அகலமும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். உயரமான சீட் மீண்டும் வேண்டும் என்ற ஏக்கம்தான் இன்று எல்லோரையும் எஸ்யூவி பக்கம் இழுக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் பழைய வண்டிக்கு உண்மையான மேன்மை உண்டு: வெளியே தெரியும் பார்வை. கூரையைத் தாங்கும் தூண்கள் ஒல்லி, கண்ணாடி பெரிது. இன்றைய காரில் முன்தூண் தடிமன். சந்திப்பில் திரும்பும்போது பைக்கில் வருபவர் முழுதாக அதன் பின்னால் மறைந்துவிடுவார். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது என்பதற்காகத் தடித்த தூண் அது. தேவையானதுதான். ஆனால் திரும்பும்போது தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும் பழக்கத்தை ஓட்டுநர்கள் கற்க வேண்டும்.

பழைய வண்டி இரும்பு, புது வண்டி தகரம். மோதினால் பழையதுதானே தாங்கும்?

வண்டி தாங்கலாம். உள்ளே இருப்பவர் தாங்க மாட்டார்.

இந்த நம்பிக்கை உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், தனது 50ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை செய்தது. 1959 மாடல் செவர்லே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 மாடல் செவர்லே மாலிபு இன்னொரு பக்கம். இரண்டையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் பக்கம் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர் நீளமான, கனமான, குரோம் மின்னும் பெரிய வண்டி. மோதியதும் அதன் ஓட்டுநர் அறையே மடிந்தது. ஸ்டீயரிங் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் இறந்திருப்பார் என்று முடிவு சொன்னார்கள். மாலிபுவின் மூக்கு அடையாளம் தெரியாமல் நொறுங்கியது. ஆனால் உட்காரும் அறை அப்படியே இருந்தது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சின்னக் காயம் மட்டுமே ஆகியிருக்கும். அந்தக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது, ஒரு முறை பாருங்கள்.

காரணம் எளிது. 60 கி.மீ. வேகத்தில் போகும் காரும், உள்ளே இருக்கும் உடலும், உடலுக்குள் இருக்கும் மூளையும் இதயமும் எல்லாம் அதே வேகத்தில் போகின்றன. கார் சட்டென்று நின்றால் இவையும் சட்டென்று நிற்க வேண்டும். முன்பக்கம் மெதுவாக நசுங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொண்டால், உடல் நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உயிர் இருக்கிறது. அதனால் இன்றைய காரில் மூக்கு நசுங்குவதற்காகவே செய்யப்படுகிறது. உட்காரும் அறையைச் சுற்றி மட்டும் மிகக் கடினமான எஃகு. முன்கதவுத் தகட்டை விரலால் அழுத்தி, உள்ளே போகிறது பார் என்று காட்டுபவர்கள் தொடுவது மேல்தோலை மட்டும்தான். கதவுக்கு உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பியை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

'அம்பாசிடர் எவ்வளவு கனம் தெரியுமா' என்பார்கள். சுமார் 1,100 கிலோ. இன்றைய டாடா நெக்ஸான் 1,200 கிலோவைத் தாண்டும். லாரி போல அடியில் தனிச் சேஸ் இருக்கும் என்ற எண்ணமும் தவறு. அம்பாசிடரும் பாடியே சேஸாக அமைந்த வண்டிதான். பழைய வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளமான கம்பி. முன்பக்கம் அடிபட்டால் அது நேராக ஓட்டுபவரின் நெஞ்சுக்கு வரும். பலவற்றில் சீட் பெல்ட்டே கிடையாது, தலைக்குப் பின்னால் தாங்கியும் கிடையாது.

அப்படியானால் புதிய கார் எல்லாமே பாதுகாப்பானதா?

இல்லை. இங்கே 'புதியது' என்பதற்கு வருடம் பார்க்க வேண்டும். 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தபோது, ஐந்துக்கும் சுழியம் ஸ்டார்தான் கிடைத்தது. பார்க்கப் புதுசு, உள்ளே பாதுகாப்பு பழசு.

அதன் பிறகுதான் வேகமாக மாறியது. அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை 2019 ஜூலை முதல். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் 2021 முடிவுக்குள். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையே வந்துவிட்டது. ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் 2019 ஜூலைக்குப் பிந்தைய வண்டியைத் தேடுவது நல்லது. 2012 மாடல் பேஸ் வேரியன்ட்டை 'மாடர்ன் கார்' என்று நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

நம்பி ஓட்டுவதற்குப் பழைய வண்டிதானே? ஓடிக்கொண்டே இருக்குமே?

இங்கேதான் இரண்டு வேறு குணங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பழைய கார் எளிதாகச் சரிசெய்யக்கூடியது. புதிய கார் சரிசெய்ய வேண்டிய தேவையே குறைந்தது. முதலாவதை நாம் நம்பகம் என்று நினைவில் வைத்திருக்கிறோம்.

அம்பாசிடர் ஓட்டிய டிரைவர் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில், குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். செல்ஃப் அடிக்கவில்லை என்றால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், அல்லது நாலு பேர் தள்ள வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்சக்கரத்தின் கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும், பாயிண்டைச் சுத்தம் செய்ய வேண்டும், கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊத வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல் ஏறும்போது பாதி வழியில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டும். வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், ஃபியூயல் பம்ப் மேல் ஈரத்துண்டைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பழுதென்று யாரும் கணக்கில் வைக்கவில்லை, ஓட்டும் முறையே அதுதான் என்றிருந்தது.

அந்தப் பாயிண்ட் வேலையை மட்டும் அருகே நின்று பார்ப்போம். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சின்ன உலோக முனைகள், தொட்டுத் தொட்டு விலகும். ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு தீப்பொறி. தீப்பொறி பட்டுப் பட்டு ஒரு முனையில் பள்ளம், மறுமுனையில் மேடு விழும். மெக்கானிக் மெல்லிய எமரித் தாளை மடித்து நடுவே விட்டு இரண்டு இழுப்பு இழுப்பார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா என்று பார்ப்பார், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கேஜ் இல்லாதவர் அட்டைத் துண்டை வைத்தே அளந்துவிடுவார். மூடியைப் போட்டு, செல்ஃப் அடித்து, இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, டிஸ்டிரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவார். இன்ஜின் சீராக ஓடும். அழகான கைவேலை. இன்றைய காரில் அந்தப் பாகமே இல்லை, தேய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இன்ஜின் ஆயுளும் அப்படித்தான். சோக் இழுத்தால் அதிகப்படியான பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங் தேயும். புகை வரும். ஒரு லட்சம் கி.மீ.க்குள் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்வது அன்று சாதாரணம். பல பழைய வண்டிகளின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான் இருந்தது. 99,999 தாண்டினால் சுழியத்துக்குத் திரும்பிவிடும். இன்று ஃபியூயல் இன்ஜெக்ஷன், நல்ல ஏர் ஃபில்டர், நல்ல ஆயில், துல்லியமான தயாரிப்பு எல்லாம் சேர்ந்து, ஒழுங்காக சர்வீஸ் செய்த டாக்ஸிகள் ஹெட்டைத் திறக்காமலே இரண்டு, மூன்று லட்சம் ஓடுகின்றன. ஆயில் மாற்றுவது 10,000 கி.மீ.க்கு ஒரு முறை.

எளிதில் சரிசெய்ய முடிவது சின்ன விஷயமா?

சின்ன விஷயமே இல்லை. யாழ்ப்பாணத்துக் கார்களை நினைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில், 1990களில், பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்கவில்லை, உதிரிப் பாகமும் இல்லை. அப்போது அங்கே ஓடியவை 1940, 50களின் ஆஸ்டின், மோரிஸ் வண்டிகள். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இன்ஜின் திணறும், புகையும், ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும். சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்த இன்ஜின் எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது. பெட்ரோல்கூடக் கிடைக்காத சூழலில், கையும் மூளையும் மட்டும் இருந்தால் ஓடக்கூடிய இயந்திரம் என்பது ஒரு பெரிய பலம்.

அப்போது புதிய காரில் செலவு எங்கே வந்து மாட்டும்?

அடிக்கடி வராது, வந்தால் மொத்தமாக வரும். ஹெட்லைட் பல்பு அன்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சாதாரணப் பொருள். இன்று எல்.இ.டி. பழுதானால் பல கார்களில் விளக்கு மொத்தத்தையும் மாற்ற வேண்டும், ஆயிரக்கணக்கில் பில் வரும். முன்கண்ணாடியில் கேமரா இருந்தால் கண்ணாடி மாற்றியபின் அந்தக் கேமராவை மீண்டும் அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

டீசல் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று கி.மீ. மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறையாவது பைபாஸில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அது முடியாதென்றால் பெட்ரோலே வாங்குங்கள்.

தெருமுனை மெக்கானிக்குக்குத் தகவல் கிடைக்காததுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஸ்கேனர் அவரிடம் இருக்கிறது, ஆனால் நிறுவனத்தின் சர்வீஸ் கையேடும் மென்பொருளும் அவருக்கு எட்டுவதில்லை. மத்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' தளத்தைத் தொடங்கி கார் நிறுவனங்களையும் அதில் சேர்த்தது நல்ல தொடக்கம். எல்லா நிறுவனமும் முழுத் தகவலையும் திறந்து வைக்கும் வரை வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் மாட்டினால் எது பிழைக்கும்?

பழைய வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை இதைப் பார்த்தது. சீட் வரை தண்ணீர் நின்றால், பழைய காரில் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, டிஸ்டிரிபியூட்டரைத் துடைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். புதிய காரில் தரைவிரிப்புக்கு அடியிலேயே வயரிங்கும் கண்ட்ரோல் பெட்டிகளும் இருக்கின்றன. சேறு புகுந்தால் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டே இருக்கும்.

எந்தக் காலத்து வண்டியானாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: தண்ணீரில் நின்றுபோன காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

மலைப்பாதையில் பிரேக் எதில் நம்பகம்?

சந்தேகமே வேண்டாம், புதியதில். பழைய வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி, பிடிமானம் குறைந்து, மிதி ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். இன்னும் பழைய மாடல்களில் பிரேக் ஆயில் ஒரே சுற்று. ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் போச்சு. இப்போது இரண்டு தனிச் சுற்று, முன்னால் டிஸ்க், கூடவே ஏ.பி.எஸ்.

ஆனால் பழைய டிரைவர்களிடம் இருந்த ஒரு பாடத்தைப் புதிய ஓட்டுநர்கள் விட்டுவிட்டார்கள்: எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையில் ஆட்டோமேட்டிக் காரை 'டி'யில் போட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் தீய்ந்துபோகும். லோ கியருக்கோ மேனுவல் முறைக்கோ மாற்றி இறங்குங்கள்.

மைலேஜ்?

அம்பாசிடர் பெட்ரோல் லிட்டருக்குப் பத்து கி.மீ. தந்தாலே சந்தோஷம். இன்று அதே அளவு கார் ஏசி போட்டும் அதைவிட நன்றாகவே தருகிறது. இதில் பேச வேறொன்றும் இல்லை.

இவ்வளவு ஃபீச்சர் தேவையா? டச் ஸ்கிரீன் கண்ணை உறுத்துகிறதே.

தேவையானதையும் அலங்காரத்தையும் பிரித்துப் பாருங்கள். ஏ.பி.எஸ்., ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி., குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ், ரிவர்ஸ் கேமரா ஆகியவை தேவை. சன்ரூஃப், பல வண்ண விளக்கு போன்றவை விருப்பம்.

ஏசி வேகத்தைக் கூட்டக் கூடத் திரையைத் தடவ வேண்டிய அமைப்பு எனக்குப் பிடிக்காது. பழைய டாஷ்போர்டில் இருட்டிலும் கை தானாகப் போய் வைப்பர் சுவிட்சைத் தொடும், கண் சாலையிலேயே இருக்கும். ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. வாங்கும் முன் ஷோரூமில் கண்ணை மூடிக்கொண்டு ஏசி, வைப்பர், அபாய விளக்கு மூன்றையும் இயக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வேரியன்ட்டைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

பழையதில் எனக்கு மிகப் பிடித்த வசதி, முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடி. திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்துக்கு வரும். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

இப்போது பங்க்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பழைய வண்டிக்குப் போடலாமா?

வேறு வழி பெரும்பாலும் இல்லை, ஆகவே வண்டியைத் தயார் செய்ய வேண்டும். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்பரேட்டர் கேஸ்கெட்டுகளையும் ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். பெட்ரோல் குழாய்கள், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். கசியும் குழாய் தீவிபத்தில் முடியும், இதைத் தள்ளிப் போடாதீர்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்க்கின் அடியில் தண்ணீர் பிரிந்து துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறை ஓட்டுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும். கார்பரேட்டரில் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்ற வேண்டியும் வரலாம்.

இன்னொன்று: 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம்தான் பழைய இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயாமல் காத்தது. அடுத்த முறை ஹெட்டைப் பிரிக்கும்போது கடின உலோக வால்வு சீட் போடச் சொல்லுங்கள்.

15 வருடம் ஆனால் வண்டியைக் கழித்துவிட வேண்டுமா?

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று காட்டி, ஐந்தைந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம் 2022 முதல் கணிசமாக ஏறியிருக்கிறது, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025இல் மறுபடியும் ஏற்றப்பட்டது. பசுமை வரியும் உண்டு. பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருடம் என்று நீங்கள் கேள்விப்படும் தடை டெல்லி வட்டாரத்தைச் சேர்ந்தது.

50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டி என்றால் 2021இல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போக முடியாது.

ஆசைக்கு ஒரு பழைய காரை வாங்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

வாங்குங்கள். ஆனால் வீட்டில் இன்னொரு வண்டி இருக்கட்டும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் ராத்திரிப் பயணம் போக இது வேண்டாம்.

இன்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள், அது எப்படியும் சரியாகிவிடும். பாடியைப் பாருங்கள். அந்தக் காலத் தகடு தடிமன்தான். ஆனால் இன்றைக்குப் போல மொத்த பாடியையும் ப்ரைமர் தொட்டியில் முக்கி எடுக்கும் துருத்தடுப்பு அன்று கிடையாது. கடற்கரை ஊரில் இருந்த வண்டி என்றால் கதவின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் நீள்சட்டம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, ஓட்டுநரின் கால் வைக்கும் தரை எல்லாவற்றையும் பாயை விலக்கிப் பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்பாசிடரில் பாடியே சேஸ் என்பதால் நீள்சட்டம் துருவேறியிருந்தால் டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பவையும் ஒன்றா என்று பாருங்கள். டீசல் இன்ஜின் மாற்றிப் போட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டவை ஏராளம்.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் இன்ஜின், பிரேக் பாகங்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைத்துவிடும். ஹெரால்டுக்குப் பிரிட்டனிலிருந்து பல பாகங்களை வரவழைக்கலாம், ஏனென்றால் அதே வண்டி அங்கேயும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் இந்தியாவுக்கென்றே வந்த நான்கு கதவு மாடலின் கதவும் கண்ணாடியும் எங்கேயும் வாங்கக் கிடைக்காது. அவை முழுதாக இருக்கும் வண்டியாகப் பார்த்து எடுங்கள்.